புதிய 200டி மார்க் 2: கிட் லென்ஸுக்கு அடுத்து எந்த லென்ஸ்?

தாராசுரத்தான் | 6 நவம்பர் 2022

அனைவருக்கும் வணக்கம். இந்தத் தீபாவளிக்கு கேனான் 200டி மார்க் 2 கேமராவை, அதோடு சேர்த்தே விற்கும் 18-55 மி.மீ. ஐஎஸ் (அதிர்வுத் தடுப்பு) எஸ்டிஎம் (ஓசை குறைந்த ஃபோகஸ் மோட்டார்) கிட் லென்ஸுடன் வாங்கினேன். இதுவரை கைபேசியில் மட்டுமே படம் எடுத்தவன் என்பதால் ஒவ்வொரு நாளும் புதிதாக ஏதோ ஒன்று புரிந்துகொண்டிருக்கிறது. அடுத்த லென்ஸுக்காக முப்பதாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அந்தத் தொகையை எதில் போடுவது என்பதில்தான் குழப்பம்.

நான் எடுப்பவை மூன்று வகை. முதலாவது, வீட்டுக்கு அருகிலுள்ள தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில். வாரம் இரண்டு முறையாவது போகிறேன். இரண்டாவது, இரண்டரை வயது மகள். பகலில் நான் வேலைக்குப் போய்விடுவதால் அவளை எடுப்பதெல்லாம் மாலையில், குழல்விளக்கு வெளிச்சத்தில்தான். மூன்றாவது, பனிக்காலத்தில் கரைவெட்டி ஏரிக்கு வரும் பறவைகள். கேமரா வாங்கிய கடையில், தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 75-300 மி.மீ. லென்ஸைச் சேர்த்து எடுத்துக்கொண்டால் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நிலாமுற்றம் | 6 நவம்பர் 2022

வாழ்த்துகள். கண்ணை மூடிக்கொண்டு 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் வாங்குங்கள். எஃப் எண் சிறியதானால் லென்ஸின் துளை பெரிது, உள்ளே வரும் ஒளியும் கூடுதல். குழந்தையை எடுக்க அதைவிட விலை குறைந்த நல்ல லென்ஸ் கிடையாது. மிச்சத் தொகையைப் பிறகு யோசிக்கலாம்.

கரைவெட்டி நாரை | 6 நவம்பர் 2022

அந்த 75-300 லென்ஸை வாங்குவதற்கு முன் அதில் அதிர்வுத் தடுப்பு இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கேமராவின் சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவான ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது. அதனால் 300 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேமில் 480 மி.மீ. தரும் பார்வைக் கோணத்தையே தரும். அந்தக் கோணத்தில் கையில் பிடித்து எடுப்பதற்கு ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) நொடியில் ஐந்நூறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். உச்சி வெயிலில் அது கிடைத்துவிடும். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் அதிகாலையில் கிடைக்காது. அதே கேனானில் 55-250 மி.மீ. எஃப்/4-5.6 ஐஎஸ் எஸ்டிஎம் இருக்கிறது. 375 கிராம்தான் எடை, அதிர்வுத் தடுப்பு உண்டு, ஓசையில்லாமல் ஃபோகஸ் செய்யும். 50 மி.மீ. குறைவதைப் பெரிதாக எண்ண வேண்டாம்.

ஆனால் பறவைகளைப் பொறுத்தவரை உங்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கரைவெட்டிக்கு வரும் வரித்தலை வாத்து ஏறத்தாழ 70 செ.மீ. நீளம் இருக்கும். அது கரையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நீரில் மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் சென்சாரில் ஒன்றே முக்கால் மி.மீ. நீளமே விழும். சென்சாரின் அகலம் 22.3 மி.மீ. ஆகவே படத்தின் அகலத்தில் பதின்மூன்றில் ஒரு பங்குதான் வாத்து, மற்றதெல்லாம் தண்ணீர். உங்கள் கேமராவின் 6000 பிக்சல் அகலத்தில் அந்தப் பறவைக்கு 470 பிக்சல்தான் கிடைக்கும். 600 மி.மீ. லென்ஸாக இருந்தால் 1130 பிக்சல் கிடைக்கும். டாம்ரானும் சிக்மாவும் விற்கும் 150-600 லென்ஸ்கள் உங்கள் தொகைக்குள் வரமாட்டா. இரண்டு கிலோ அளவு எடையும் உண்டு. 55-250 வாங்கினால் பறவைக்கூட்டத்தையும் ஏரியையும் சேர்த்து எடுக்கப் பழகுங்கள். ஒற்றைப் பறவையின் இறகை எண்ணும் படத்தை அதனிடம் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

பழைய ஃபிலிம்சுருள் | 7 நவம்பர் 2022

இழையைத் தொடங்கியவருக்கு ஒரு வேண்டுகோள். எங்களிடம் கேட்பதற்கு முன் உங்கள் படங்களிடமே கேளுங்கள். டிஜிட்டல் கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எந்தக் குவியத் தூரத்தில் (லென்ஸின் மி.மீ. எண்), எந்தத் துளையில், எந்த ஷட்டர் வேகத்தில், எந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறன்) எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிவாகியிருக்கிறது. கணினியில் படத்தின் பண்புகளைத் திறந்தால் தெரியும். இரண்டு வாரத்தில் நீங்கள் எடுத்தவற்றில் நல்லவை என்று தோன்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, கோயில் படங்களைத் தனியாகவும் மகளின் படங்களைத் தனியாகவும் பிரித்து, எந்த மி.மீ.யில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஜூமின் ஒரு முனையில் நீங்கள் முட்டிக்கொண்டு நிற்கிறீர்களா, அல்லது வெளிச்சம் போதாமல் படம் கலங்குகிறதா என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். இரண்டும் வேறு வேறு குறைகள். இரண்டுக்கும் வேறு வேறு லென்ஸ்கள்.

ஃபிலிம் காலத்தில் இந்தக் கணக்கைக் குறிப்பேட்டில் கைப்பட எழுதி வைத்தோம். இப்போது கேமராவே எழுதி வைத்திருக்கும்போது அதைப் படிக்காமல் லென்ஸ் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தாராசுரத்தான் | 9 நவம்பர் 2022

ஐயா, நீங்கள் சொன்னபடியே இரண்டு இரவுகள் உட்கார்ந்து எண்ணினேன். எனக்கே வியப்பாக இருக்கிறது.

கோயிலில் எடுத்த நல்ல படங்கள் 118. அவற்றில் 71 படங்கள் 55 மி.மீ. முனையில் எடுத்தவை, அவற்றிலும் பெரும்பாலானவற்றைப் பிறகு கணினியில் வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறேன். 18 மி.மீ. முனையில் 29 படங்கள். இடைப்பட்டவை மிகக் குறைவு. மகளின் படங்கள் 64. அவை 24 முதல் 40 மி.மீ. வரை பரவிக் கிடக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் வேகம் முப்பதில் ஒரு பங்கு. முகம் தெளிவாக இருந்தால் கை கலங்கியிருக்கிறது. நல்லவை என்று 64 ஐத் தேர்ந்தெடுக்க நானூறுக்கு மேல் அழித்திருக்கிறேன்.

கோயிலுக்கு அகலக் கோண லென்ஸ்தான் வேண்டும் என்று இதுவரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை வேறு சொல்கிறது.

ஒளியளவு | 9 நவம்பர் 2022

மகளின் படங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் கிட் லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். ஓடும் குழந்தையின் அசைவை எந்த அதிர்வுத் தடுப்பாலும் நிறுத்த முடியாது. அதற்கு ஷட்டர் வேகம் கூட வேண்டும், அதற்கு ஒளி கூட வேண்டும். கிட் லென்ஸை நெருக்கப் பக்கம் திருகும்போது அதன் துளை எஃப்/5.6 ஆகச் சுருங்கிவிடுகிறது. 50 மி.மீ. எஃப்/1.8 அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். எஃப்/5.6 துளையில் நீங்கள் ஐஎஸ்ஓ 6400 இல் முப்பதில் ஒரு பங்கு வேகத்தில் எடுக்கும் அதே இடத்தில், ஐஎஸ்ஓவை 1600 ஆகக் குறைத்தும் எண்பதில் ஒரு பங்கு வேகத்தில் எடுக்கலாம். அல்லது ஐஎஸ்ஓ 3200 இல் வைத்துக்கொண்டு நொடியில் நூற்று அறுபதில் ஒரு பங்குக்குப் போகலாம். குழந்தைக்கு இரண்டாவதே நல்லது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு மீட்டர் தொலைவில் எஃப்/1.8 இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் இரண்டரை செ.மீ. அளவுதான். குழந்தை சற்றே தலையைத் திருப்பியிருந்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் இருக்கும். ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்க விட்டால் அது மூக்கையோ கன்னத்து முடியையோ பிடித்துக்கொள்ளும். உங்கள் கேமராவில் திரையைப் பார்த்து எடுக்கும் முறையில் கண்ணைக் கண்டறிந்து ஃபோகஸ் செய்யும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். தொடக்கத்தில் எஃப்/2.8 வரை துளையைச் சுருக்கி எடுத்தால் வீணாகும் படங்கள் வெகுவாகக் குறையும்.

குறுந்தொலைவு | 10 நவம்பர் 2022

50 மி.மீ. பற்றி எல்லோரும் ஒரே குரலில் சொல்வதால் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். இந்தக் கேமராவில் 50 என்பது ஃபுல் ஃபிரேமில் 80 மி.மீ.க்கு இணையான நெருக்கமான கோணம். 90 செ.மீ. உயரமுள்ள குழந்தை நிற்பதைத் தலைமுதல் கால்வரை கொஞ்சம் இடம் விட்டு எடுக்க, கேமராவை நெடுக்காகத் திருப்பிப் பிடித்தாலும் எட்டடி தள்ளி நிற்க வேண்டும். அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை எடுக்கப் பதினோரு அடி வேண்டும். நம் வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு கூடத்தில் நாற்காலியையும் கட்டிலையும் போட்ட பிறகு அத்தனை இடம் எங்கே இருக்கிறது? நானும் முதலில் 50 தான் வாங்கினேன். இரண்டு மாதம் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டு, 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு மாறினேன். 125 கிராம், தட்டையான சின்ன லென்ஸ். அவருடைய எண்ணிக்கையும் 24 முதல் 40 வரை என்றுதானே சொல்கிறது?

ஒளியளவு | 10 நவம்பர் 2022

நீங்கள் சொல்லும் இட நெருக்கடி உண்மைதான். ஆனால் 24 மி.மீ.யில் கிட் லென்ஸே எஃப்/4 ஐ ஒட்டித் திறக்கும், எஃப்/2.8 அதைவிட ஒரு படிதான் கூடுதல், அதாவது இரண்டு மடங்கு ஒளி. முப்பதில் ஒரு பங்கு அறுபதில் ஒரு பங்காகும், அவ்வளவே. ஓடும் குழந்தைக்கு அது போதாது. கோணத்துக்காக ஒளியை விடுவதா, ஒளிக்காகக் கோணத்தை விடுவதா என்பதுதான் இங்கே கேள்வி. அதை அவர் வீட்டில் நின்று பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. தலை திரும்பும் ஃபிளாஷ் ஒன்றைக் கேமராவின் மேல் பொருத்தி, ஒளியை வெள்ளை மேற்கூரைமீது அடித்து எடுத்தால் கிட் லென்ஸே போதும். ஆனால் 200டி மார்க் 2 வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மாடலில் ஃபிளாஷ் பொருத்தும் இடத்தின் நடுவே இருக்க வேண்டிய தொடுமுள்ளைக் கேனான் நீக்கிவிட்டது. கேனானின் சொந்த ஃபிளாஷ்கள் வேலை செய்யும். அந்த நடுமுள்ளை மட்டும் நம்பி எரியும் விலை குறைந்த பிற நிறுவன மேனுவல் ஃபிளாஷ்கள் எரியாது. வாங்குமுன் கேமராவைக் கடைக்கு எடுத்துச் சென்று பொருத்திப் பார்த்துவிடுங்கள்.

தாராசுரத்தான் | 10 நவம்பர் 2022

ஐயா, எங்கள் வீடு நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. நடுவில் முற்றமும் சுற்றித் தாழ்வாரமும் உண்டு. மேலே பார்த்தால் கறுத்த உத்தரமும் ஓடும்தான். வெள்ளைக் கூரைக்கு நான் எங்கே போவது?

பழைய ஃபிலிம்சுருள் | 10 நவம்பர் 2022

அப்படியென்றால் ஃபிளாஷ் யோசனையை இப்போதைக்கு விட்டுவிடலாம். கறுத்த மரமும் செங்கல் நிற ஓடும் ஒளியைத் தின்றுவிடும். திரும்பி வரும் கொஞ்சநஞ்சமும் சிவந்த நிறத்தோடு வரும்.

இரண்டு பேருடைய வாதத்தையும் செலவில்லாமல் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 50 இல் வைத்து, எளிதில் உரியக்கூடிய காகித டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் மகளை அப்படியே எடுங்கள். வெளிச்சம் போதாமல் படம் இருண்டு போனாலும் கவலை இல்லை. சட்டகத்துக்குள் அடங்குகிறதா என்பதை மட்டும் பாருங்கள். அடுத்த வாரம் 24 இல் ஒட்டி எடுங்கள்.

கல்வெட்டு வாசகி | 12 நவம்பர் 2022

கோயில் படங்களைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. தாராசுரம் என்னும் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சோழர் கோயில்களைப் பதினைந்து ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன்.

உங்கள் எண்ணிக்கை சரியாகத்தான் சொல்கிறது. இரண்டாம் இராசராசன் எழுப்பிய அந்தக் கோயிலின் பெருமை அதன் உயரத்தில் இல்லை. விமானம் 24 மீட்டர்தான். கங்கைகொண்ட சோழபுரத்தில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல், 53 மீட்டர். தாராசுரத்துச் சிற்பிகள் தங்கள் திறமையையெல்லாம் நுணுக்கத்தில் கொட்டியிருக்கிறார்கள். கருவறைச் சுவரின் அடிப்பகுதியைச் சுற்றி நாயன்மார் வரலாறுகள் சின்னஞ்சிறு காட்சிகளாகச் செதுக்கப்பட்டு, பலவற்றின் மேல் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மண்டபத் தூண்களில் ஆடல் காட்சிகள், ஒரே தலையில் யானையும் காளையும் தெரியும் சிற்பம், தேர் வடிவ மண்டபத்தின் குதிரையும் சக்கரமும் என எல்லாமே கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டியவை, அல்லது தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருப்பவை. இரண்டுக்கும் நெருக்கக் கோணம்தான் தேவை.

இங்கே பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. சிறிய சிற்பத்தை எடுக்க மேக்ரோ லென்ஸ் வேண்டும் என்று எண்ணிவிடுகிறோம். 55-250 எஸ்டிஎம் லென்ஸ் 85 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும், 250 மி.மீ. முனையில் அந்தத் தொலைவிலிருந்து எட்டு செ.மீ. அகலமுள்ள பரப்பையே முழுச் சட்டகத்திலும் நிரப்பிவிடும். கிட் லென்ஸும் ஏறத்தாழ ஒன்பது செ.மீ. பரப்பை எடுக்கும், ஆனால் அதற்குச் சென்சாரிலிருந்து கால் மீட்டர் தொலைவுக்கு நெருங்க வேண்டும், அதற்குள் உங்கள் நிழலும் கேமராவின் நிழலும் சிற்பத்தின்மேல் விழுந்துவிடும். 50 மி.மீ. எஸ்டிஎம் பத்து செ.மீ.க்கு மேல்தான் எடுக்கும். கிட்டப் பொருளை எடுப்பதில் உங்கள் தொகைக்குள் வரும் மூன்று லென்ஸ்களில் சிறந்தது அந்தத் தொலைநோக்கு ஜூம்தான் என்பது முதலில் எனக்கும் நம்ப முடியாததாக இருந்தது.

அகலக் கோணத்தைப் பொறுத்தவரை 10-18 எஸ்டிஎம் நல்ல லென்ஸ், என்னிடமும் இருக்கிறது. கேமராவை அண்ணாத்திப் பிடித்தால் விமானம் பின்னால் சாய்வது போல விழும் என்பதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். சாயாமல் இருக்கக் கேமராவைத் தரைக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். அப்போது சட்டகத்தின் கீழ்ப்பாதி முழுவதும் தரைக்கே போய்விடும். 24 மீட்டர் விமானத்தை அப்படி, கேமராவை நெடுக்காகத் திருப்பி எடுக்க, 18 மி.மீ.யில் 36 மீட்டர் பின்வாங்க வேண்டும். 10 மி.மீ.யில் இருபது மீட்டர் போதும். பிராகாரத்துக்குள் அந்த வேறுபாடு பெரிது. என்றாலும் மாதம் ஒருமுறை எடுக்கும் முழு விமானப் படத்துக்காக முதல் லென்ஸை வாங்காதீர்கள். 18 மி.மீ.யில் கீழிருந்து மேலாக மூன்று படங்களை ஒன்றன்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு படியுமாறு எடுத்துக் கணினியில் இணைத்துச் சாய்வையும் நேராக்கிவிடலாம். விமானம் எங்கும் ஓடிவிடாது.

டிரைபாட் பற்றி ஒரு சொல்: தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில்களில் அதற்கு முன்அனுமதி வேண்டும். எனவே கையில் பிடித்தே எடுப்பதாக வைத்துக்கொண்டு அதிர்வுத் தடுப்புள்ள லென்ஸையே வாங்குங்கள்.

புதுத்திரை | 13 நவம்பர் 2022

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கேனான் 2018 முதல் ஆர்எஃப் மவுன்ட்டுக்கு (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் அமைப்பு) மாறிவிட்டது. இந்த ஆண்டு ஆர்7, ஆர்10 என்று சிறிய சென்சாருள்ள, உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களும் வந்துவிட்டன. இப்போது பழைய மவுன்ட் லென்ஸில் முப்பதாயிரம் போடுவது வீண் இல்லையா?

பழைய ஃபிலிம்சுருள் | 13 நவம்பர் 2022

வீண் இல்லை. 200டி மார்க் 2 இல் உள்ள பழைய ஈஎஃப் மவுன்ட் 1987 இல் வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளில் சேர்ந்த லென்ஸ்கள் அத்தனையும் கேனானின் ஆர்எஃப் கேமராக்களில் ஓர் இணைப்பு வளையத்தோடு வேலை செய்கின்றன. அந்த வளையத்துக்குள் கண்ணாடி எதுவும் இல்லை என்பதால் படத்தின் தரமும் குறையாது. புதுக் கேமராக்களுக்கு மாறுகிறவர்கள் தங்கள் பழைய லென்ஸ்களை விற்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு இது நல்ல காலம். குறிப்பாக, இரட்டை லென்ஸ் கிட்டோடு வந்து, இரண்டு முறைகூடப் பயன்படாத 55-250 லென்ஸ்கள் பல வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன.

நெய்தல் | 14 நவம்பர் 2022

பழைய லென்ஸ் என்ற பேச்சு வந்ததால் நாகப்பட்டினத்திலிருந்து ஓர் எச்சரிக்கை. 2017 இல் அறிமுகமில்லாத ஒருவரிடம் இதே 55-250 லென்ஸை நல்ல விலைக்கு வாங்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் புதிதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து கைபேசி விளக்கைப் பின்புறக் கண்ணாடி வழியாக அடித்து முன்புறமிருந்து பார்த்தபோதுதான் உள்ளே ஓரத்திலிருந்து நடுப்பகுதி நோக்கிச் சிலந்தி வலைபோல மெல்லிய வெள்ளை நூல்கள் கிளைவிட்டிருந்தது தெரிந்தது. பூஞ்சை. எதிர்வெயிலில் எடுத்த படங்களெல்லாம் பனி படர்ந்தது போல வெளுத்துப் போயின. சுத்தம் செய்யக் கொடுத்தும் கண்ணாடியின் மேற்பூச்சில் அரித்த தடம் போகவில்லை. ஆகவே வாங்கும் இடத்திலேயே விளக்கடித்துப் பாருங்கள். ஜூம் வளையத்தை முழுவதும் திருகி, எங்கும் சிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். உங்கள் கேமராவிலேயே பொருத்தி இரு முனைகளிலும் பத்துப் படம் எடுத்து அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள்.

காவிரிக் கரையும் ஈரத்தில் கடற்கரைக்குச் சளைத்ததன்று. கேமராவோடு வந்த துணிப்பையிலேயே லென்ஸை வைத்துப் பூட்டாதீர்கள். ரப்பர் வளையமுள்ள காற்றுப்புகா பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஒரு கிண்ணம் சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்று. 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் போதும். நீல மணிகள் வெளிறிச் சிவந்தால், சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். ஐப்பசி, கார்த்திகையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வறுக்க வேண்டியிருக்கிறது.

தாராசுரத்தான் | 27 நவம்பர் 2022

டேப் ஒட்டிய சோதனை முடிந்தது. 24 இல் ஒட்டிய வாரம் எல்லாமே அடங்கியது. கூடவே தண்ணீர்க் குடமும் செருப்பும் கொடியில் காயும் துணியும் அடங்கின. 50 இல் ஒட்டிய வாரம் முதல் இரண்டு நாள் அறைக்குள் திணறினேன். மூன்றாம் நாள் தற்செயலாக முற்றத்தின் இந்தப் பக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, எதிர்த் தாழ்வாரத்தில் விளையாடும் மகளை எடுத்தேன். இடையில் பத்தடிக்கு மேல் திறந்த முற்றம். அவள் முழுதாக அடங்கினாள். பின்னால் இருக்கும் மரத்தூணும் அளவாக வந்தது. நான் கிட்டத்தில் இல்லாததால் அவள் கேமராவைக் கவனிக்கவும் இல்லை. என் மனைவிக்குப் பிடித்த படங்கள் அத்தனையும் அந்த வாரத்தில் எடுத்தவைதாம். குறுந்தொலைவு நண்பர் சொன்னது அறைக்குள் முற்றிலும் சரி. எனக்கு முற்றம் இருப்பதால் 50 ஒத்துவருகிறது.

ஆகவே 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் புதிதாகவும், 55-250 எஸ்டிஎம் பழையதாகவும் வாங்கியிருக்கிறேன். திருச்சியில் ஒருவர் இரட்டைக் கிட்டில் வந்ததை விற்றார். நெய்தல் ஐயா சொன்னபடி விளக்கடித்துப் பார்த்தேன், கண்ணாடி சுத்தமாக இருந்தது. இரண்டும் சேர்த்து முப்பதாயிரத்துக்குள் அடங்கி, காற்றுப்புகா டப்பாவுக்கும் மிச்சம் இருந்தது. 75-300 வேண்டாம் என்று கடைக்குச் சொல்லிவிட்டேன்.

ஒளியளவு | 27 நவம்பர் 2022

மிக்க மகிழ்ச்சி. 50 எஸ்டிஎம் லென்ஸின் முன்பகுதி ஃபோகஸ் செய்யும்போது சற்றே வெளியே நீளும். நீண்ட நிலையில் அதைக் கையால் அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள். உள்ளேயிருக்கும் பற்சக்கரங்கள் கெட்டுவிடும். கூடுமானவரை ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு வளையம்) ஒன்றைப் பொருத்தியே வையுங்கள். குழந்தையின் கை முதலில் போகும் இடம் கண்ணாடிதான்.

தாராசுரத்தான் | 16 ஜனவரி 2023

இரண்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் எழுதுகிறேன். கரைவெட்டிக்கு ஒருமுறை போனேன். நாரை அண்ணன் சொன்ன கணக்கு அப்படியே இருந்தது. வாத்துகள் புள்ளிகளாகத்தான் விழுந்தன. ஆனால் விடிகாலையில் கூட்டமாக எழும்பியபோது 100 மி.மீ. அளவில் எடுத்த ஒரு படத்தை அச்சிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

கோயிலில் 55-250 ஐக் கழற்றவே மனம் வரவில்லை. மார்கழி முழுவதும் காலையில் போனேன். தெற்குச் சுவரடியில், நாயன்மார்களில் ஒருவரான தண்டியடிகள் குளம் தோண்டுவதாக நான் புரிந்துகொண்டிருக்கும் காட்சி ஒன்று இருக்கிறது. இத்தனை நாளும் அதைக் கடந்து போயிருக்கிறேன். 250 முனையில் நெருங்கிப் பார்த்தபோது, குனிந்த உடலின் விலாவெலும்பைக்கூடச் சிற்பி இரண்டு மூன்று கோடுகளில் காட்டியிருப்பது தெரிந்தது. விரல் நகம் அளவுகூட இல்லாத கோடுகள். பக்கவாட்டில் வெயில் விழுந்தபோது மட்டும்தான் அவை எழுந்து நின்றன. அடுத்த வாரம் மேகமூட்டத்தில் அதே இடத்தில், அதே லென்ஸில், அதே தொலைவில் எடுத்தால் வெறும் கல்லாகத் தட்டையாக விழுந்தது.

வடக்குச் சுவரில் இருப்பவற்றை மட்டும் எத்தனை முறை எடுத்தும் அந்தத் தெளிவு வரவில்லை. எந்நேரமும் நிழல். இதற்கு ஏதேனும் ஃபிளாஷோ வேறு லென்ஸோ தேவைப்படுமா?

கல்வெட்டு வாசகி | 17 ஜனவரி 2023

எதுவும் வாங்க வேண்டாம், தம்பி. மார்கழியிலும் தையிலும் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால் தெற்குச் சுவருக்கு நாள் முழுவதும் வெயில், வடக்குச் சுவருக்கு நாள் முழுவதும் நிழல். நம் கும்பகோணம் பதினோரு பாகை வடக்கில் இருப்பதால், சித்திரைத் தொடக்கத்துக்குப் பின் ஆவணி முதல் வாரம்வரை நண்பகல் கதிரவன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். ஆனி மாதத்தில் காலையிலிருந்து மாலைவரை வடக்குச் சுவரில்தான் வெயில். நண்பகலில் போகாதீர்கள், வெயில் செங்குத்தாக இறங்குவதால் கபோதத்தின் (சுவருக்கு மேல் வெளியே நீண்ட கூரை விளிம்பு) நிழல் கீழே இருக்கும் காட்சிகளை மறைத்துவிடும். காலை எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் போங்கள். வெயில் கிழக்கிலிருந்து சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரும். நீங்கள் தண்டியடிகளிடம் பார்த்த அதே கோடுகள் அங்கேயும் எழும்பும். அந்த ஒரு மணி நேரத்தில் எந்தெந்தக் காட்சி முதலில் ஒளி பெறுகிறது என்று நான் பல ஆண்டுகளாகக் குறித்து வைத்திருக்கிறேன். ஆனி பிறக்கும் முன் இந்த இழையிலேயே பதிகிறேன்.